புயல் வருது... லட்சுமியை யார் அவிழ்த்து விடுவது?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் வழக்கமான ஒரு காட்சி. 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று டி.வி.யில் சொன்னதும் அம்மா மெழுகுவர்த்தியைத் தேடுவார். அப்பா கடைக்குப் போய் பிரெட், பால் பவுடர், டார்ச் பேட்டரி வாங்கி வருவார். பிள்ளைகள் செல்போனை சார்ஜில் போடுவார்கள். பாட்டியின் பிரஷர் மாத்திரை பத்து நாளைக்குத் தாங்குமா என்று மருமகள் எண்ணிப் பார்ப்பார்.

எல்லாம் சரி. வாசலில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்க்கிறானே மணி, அவனுக்கு என்ன ஏற்பாடு? கொல்லையில் அசை போட்டுக்கொண்டிருக்கும் லட்சுமிக்கு?

"அது பாட்டுக்கு இருக்கும் சார்... மழை என்ன அதுக்குப் புதுசா?" என்கிறீர்களா? அங்கேதான் தப்புப் பண்ணுகிறோம்.

'குடும்ப ஆரோக்கியம் பற்றிய பத்திரிகையில் மாட்டுக்கும் நாய்க்கும் என்ன வேலை?' என்றும் சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. வெள்ளம் வந்த பிறகு எலிக்காய்ச்சல், நாய்க்கடி, கெட்டுப்போன பால், நாறும் கிணற்றுத் தண்ணீர் என்று நம்மைத் தேடி வரும் தொல்லைகளில் பல, பிராணிகளை நாம் கவனிக்காமல் விட்டதால் வருபவை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 'ஐயோ, மாடு கட்டியிருக்கே!' என்று கடைசி நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடுவது நாம்தான். நேரத்தோடு ஏற்பாடு செய்தால் பிழைப்பது மாடு மட்டுமல்ல, வீட்டு மனிதரும்தான்.

பட்டது போதாதா?

2011 டிசம்பர் 30-இல் கடலூரைத் தாக்கிய 'தானே', 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம், 2016-இல் 'வர்தா'... அடி மேல் அடி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த 'கஜா', டெல்டா மாவட்டங்களில் தென்னையை மட்டுமா சாய்த்தது? கொட்டகையோடு ஆடு மாடுகளையும் அள்ளிக்கொண்டு போனது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணிக் கரையில் கால்நடை வைத்திருந்தவர்கள் அந்த இரண்டு நாளை மறக்க மாட்டார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2005-இல் அமெரிக்காவில் 'கேட்ரினா' புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, 'நாயை விட்டுட்டு வர மாட்டேன்' என்று வீட்டிலேயே தங்கி ஆபத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். மறு வருடமே, 2006-இல், பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் கொண்டு வந்தார்கள். சட்டம் இருக்கிறதோ இல்லையோ, நம் வீட்டுத் திட்டத்தை நாம்தானே போட வேண்டும்?

முதல் பாடம்: முடிச்சு

மாட்டுக்கு ஓரளவு நன்றாகவே நீந்தத் தெரியும். ஆனால் கழுத்தில் கயிறும், கயிற்றின் மறுமுனையில் முளைக்குச்சியும் இருந்தால் எந்த மாடு நீந்தும்? தண்ணீர் ஏற ஏற, கழுத்தைத் தூக்கக்கூட முடியாமல் நின்ற இடத்திலேயே மூழ்கிவிடும். நாயும் அப்படித்தான். சங்கிலியில் பூட்டிவிட்டு நாம் மாடிக்குப் போய்விட்டால் அதற்கு வேறு வழியே இல்லை.

எனவே இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ள எச்சரிக்கை இருக்கும்போது எந்தப் பிராணியையும் கட்டிப் போட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

மழைக்காலம் முழுவதும் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடப் பழகுங்கள். ஷூ லேஸ் கட்டும்போது நுனியை முழுவதும் உருவாமல் வளையமாக விடுகிறோமே, அதே கணக்கு. கயிறு நனைந்து ஊறினாலும், இருட்டில் கை நடுங்கினாலும், நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ வேண்டும். கழுத்தில் மட்டும் உருவாஞ்சுருக்கு கூடவே கூடாது. இழுக்க இழுக்க இறுகி மூச்சையே நிறுத்திவிடும்.

வீட்டில் மாட்டைக் கவனிப்பவர் ஒருவர்தான் என்றால், மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுங்கள். கொட்டகைத் தூணில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு அரிவாளைச் செருகி வையுங்கள், அவிழாத கயிற்றை அறுக்க. நாய்ச் சங்கிலிக்குப் பூட்டுப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

புரட்டாசியிலேயே முடிக்க வேண்டியவை

தடுப்பூசி போட்டால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரமாகும். புயல் சின்னம் உருவான பிறகு கால்நடை மருத்துவமனைக்கு ஓடிப் பிரயோஜனமில்லை. மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோமாரி, ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, நீலநாக்கு, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய். இவற்றில் உங்கள் பகுதிக்கு எது தேவை, எது போட்டாகிவிட்டது என்று கால்நடை டாக்டரிடம் கேட்டு, தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாய்க்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கும் ஊசியும் உண்டு.

அடுத்தது அடையாளம். மாட்டின் காதில் மாட்டியிருக்கும் மஞ்சள் தோட்டில் 12 இலக்க எண் இருக்கும். அதை எழுதி வையுங்கள். தோடு இல்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிராணியையும், பக்கத்தில் நீங்கள் நிற்க, போட்டோ எடுங்கள். 'இது என் மாடுதான்' என்று பிறகு நிரூபிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நாய், பூனையின் கழுத்துப் பட்டையில் போன் நம்பர் கட்டாயம்.

கொட்டகையைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். மேலே சாய்ந்த கிளை, தளர்ந்த தகரம், தாழத் தொங்கும் மின் கம்பி ஏதாவது தெரிகிறதா? புயலில் பறக்கும் தகரம் கத்திக்குச் சமம். இப்போதே சரிசெய்யுங்கள்.

கையோடு, எங்கே கொண்டு போவது என்றும் முடிவு செய்யுங்கள். மேடான களம், பள்ளி மைதானம், புயல் பாதுகாப்பு மையத்தைச் சுற்றியுள்ள திடல் என்று ஏதாவது ஒன்று. 'ஏரிக்கரை மேடாத்தானே இருக்கு?' என்று அங்கே கொண்டு போய்விடாதீர்கள். கரை உடைந்தால் முதலில் போவது அதுதான். அடுத்தவர் இடம் என்றால் வெயில் காயும்போதே கேட்டு வைப்பது நல்லது. "அண்ணே, புயல் கியல்னா நம்ம ரெண்டு மாட்டையும் உங்க களத்துல ஒரு நாள் விட்டுக்கிறேன்" என்றால், "இதுக்கென்னம்மா, தாராளமா ஓட்டிட்டு வா" என்பார். ராத்திரி பதினோரு மணிக்குக் கொட்டும் மழையில் கதவைத் தட்டினால் அவர்தான் என்ன செய்வார்?

தீவனமும் தண்ணீரும் – ஒரு சின்னக் கணக்கு

ஒரு பசு ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் சுமார் 50 லிட்டர். நல்ல கறவை மாடென்றால் இன்னும் கூடும். இரண்டு மாடு, மூன்று நாள் என்றால் 300 லிட்டர். அதாவது 200 லிட்டர் ட்ரம் இரண்டு. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பதை மறக்காதீர்கள்.

வைக்கோல், ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறேழு கிலோ வீதம் ஒரு வாரத்துக்கு வேண்டும். அதைத் தரையில் போடாமல் பலகை மேலோ பரண் மேலோ அடுக்கி, தார்ப்பாயால் மூடுங்கள். நனைந்து பூசணம் பூத்த வைக்கோலைப் போட்டால், பூசண விஷம் மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் குழந்தைதானே?

48 மணி... 24 மணி...

வானிலை ஆய்வு மையம் புயல் எச்சரிக்கைகளைப் படிப்படியாக வெளியிடுகிறது. அவற்றில் ஒன்று சுமார் 48 மணி நேரத்துக்கு முன்பும், அடுத்தது 24 மணி நேரத்துக்கு முன்பும் வரும். அதையே நம் கடிகாரமாக வைத்துக்கொள்வோம்.

*48 மணி நேரம் இருக்கும்போது:* ட்ரம்மை நிரப்புங்கள். மேய்ச்சலுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். நிறைமாதச் சினை மாடு, கன்று, ஆட்டுக்குட்டி இவற்றை முதலில் பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள். கடைசி நேரத்தில் சினை மாட்டை விரட்டி ஓட்டினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. பூனையை வீட்டுக்குள் ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். காற்று மாறியதுமே அது எங்கேயாவது பதுங்கிவிடும், பிறகு கூப்பிட்டாலும் வராது.

*24 மணி நேரம் இருக்கும்போது:* எல்லாப் பிராணிகளும் இடம் மாறியிருக்க வேண்டும். உறுதியான கான்கிரீட் கட்டடம் இருந்தால் உத்தமம். கீற்றுக் கொட்டகையோ தகரக் கொட்டகையோதான் இருக்கிறது என்றால், மாட்டை அதற்குள் அடைப்பதைவிட மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டில் அவிழ்த்து விடுவதே மேல். தென்னந்தோப்புக்குள் கட்டவே கூடாது. அவிழ்த்து விடும் மாட்டின் முதுகுப் பக்கத்தில் பெயிண்டால் போன் நம்பர் எழுதிவிட்டால் ஓடினாலும் திரும்பி வரும். கோழிகளைப் பஞ்சாரத்தில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். ஆட்டுக்கு ஈரம் ஆகாது. பரணோ பலகையோ அவசியம்.

*கிளம்பும்போது:* பால் கறந்துவிட்டுக் கிளம்புங்கள். மடி கட்டிப்போனால் மடிநோய் வரும்.

மணிக்கும் மீனுவுக்கும் ஒரு பை

நாய், பூனை வளர்ப்பவர்கள் ஒரு பையைத் தயாராகக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

• ஒரு வாரத்துக்கான உலர் உணவு, தண்ணீர் புகாத டப்பாவில்.
• குடிநீர். பத்து கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல்.
• வழக்கமாகக் கொடுக்கும் மருந்து, தடுப்பூசி அட்டையின் நகல், போட்டோ. மூன்றையும் ப்ளாஸ்டிக் கவரில் போட்டு.
• கழுத்துப் பட்டை, உபரியாக ஒரு கயிறு, நாய்க்கு வாய்க்கூடை. பயந்த நாய் எஜமானரையே கடிக்கும்.
• பழைய துண்டு, செய்தித்தாள்.
• பூனைக்கு மூடி போட்ட கூடை. அவசரத்துக்கு ஒரு தலையணை உறைகூடப் போதும். காற்று போகும் துணியாக இருக்கட்டும்.

இடி சத்தத்துக்கு நடுங்குகிற நாயை ஜன்னல் இல்லாத அறையில் வைத்து, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகப் போடுங்கள். 'தூங்கட்டும்' என்று உங்கள் மாத்திரையைப் பாதி கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் பூனைக்கு உயிர் குடிக்கும் விஷம்!

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்கி வைக்கலாம். கரண்ட் இல்லாத நாட்களில் தீனியைக் குறையுங்கள். நல்ல மீன் சில நாள் பட்டினி தாங்கும். மிஞ்சிய தீனி அழுகினால்தான் ஆபத்து.

காற்று திடீரென்று நின்றால்...

இதை நன்றாகக் கவனியுங்கள். புயலின் நடுப்பகுதியான 'கண்' உங்கள் ஊரைக் கடக்கும்போது காற்றும் மழையும் சட்டென்று ஓயும். 'அப்பாடா, புயல் போயிடுச்சு. மாட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்' என்று கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள்! கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமெல்லாம் அப்போதுதான் விழும். புயல் முழுவதும் கடந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாகச் சொன்ன பிறகே வெளியே வர வேண்டும். முன்பே அவிழ்த்து விட்டவருக்கு இந்தத் தவிப்பு இருக்காது என்பது புரிகிறதல்லவா?

தண்ணீர் வடிந்த பிறகு

முதலில் மின்கம்பியைப் பாருங்கள். அறுந்து கிடக்கும் கம்பி, தேங்கிய தண்ணீர் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் மாட்டை அந்தப் பக்கமே ஓட்டாதீர்கள். வைக்கோல் போரிலும் விறகிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். வெறும் கையை விடாமல் கம்பால் தட்டிவிட்டு எடுங்கள்.

அடுத்து, பசியோடு இருக்கும் மாட்டுக்கு நாம் செய்யும் 'உதவி'. நிவாரணத்துக்கு வந்த அரிசி, மிஞ்சிய சோறு இவற்றை அண்டா அண்டாவாகக் கொட்டுவோம். மாட்டின் வயிற்றில் அது புளித்து, அமிலம் கூடி, ஒரே நாளில் படுக்க வைத்துவிடும். முதலில் வைக்கோல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தவிடு, தீவனம். மழைக்குப் பின் தளிர்க்கும் இளம்புல்லையும் வயிறு முட்ட மேயவிட வேண்டாம், வயிறு உப்பிவிடும்.

தேங்கிய குட்டைத் தண்ணீரைக் காட்டாதீர்கள். கடலோர ஊரென்றால் உப்புநீர் கலந்திருக்கும். குளம்பைத் தினமும் கழுவித் துடைத்துப் பாருங்கள். மூக்கில் சளி, தொண்டை வீக்கம், கடும் காய்ச்சல் தெரிந்தால் தாமதிக்காமல் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். வெள்ள ஆபத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

எல்லா முயற்சியையும் மீறி ஒரு மாடு இறந்துபோனால்? அழுகை ஒரு பக்கம் இருக்க, உடனே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை டாக்டருக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துச் சான்று தராமல் புதைத்துவிட்டால் நிவாரணம் வாங்குவது கஷ்டம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தமிழக அரசு பசு, எருமைக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் அறிவித்தது. நல்ல கறவை மாட்டின் விலைக்கு அது ஈடாகாது. எனவே மாட்டுக்கு இன்சூரன்ஸ் செய்து வைப்பது புத்திசாலித்தனம். புதைப்பது கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவில், ஆறடிக்குக் குறையாத குழியில், சுண்ணாம்பு தூவி. ஆற்றில் தள்ளிவிடுவது ஊருக்கே நோய் கொடுப்பதாகும்.

உங்கள் உடம்பு?

எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்கள். ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை தெரிந்தால் டாக்டரிடம் போய், "வெள்ளத் தண்ணியில இறங்கினேன், மாட்டுக் கொட்டகை கழுவினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவர் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும்.

மிரண்ட நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே தடுப்பூசி ஆரம்பிக்க வேண்டும். 'நம்ம வீட்டு நாய்தானே?' என்று சும்மா இருக்காதீர்கள்.

சில சந்தேகங்கள்

*முகாமில் நாயைச் சேர்க்க மாட்டேன் என்றால்?*
அதனால்தான் முன்கூட்டியே விசாரிக்கச் சொல்கிறோம். மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர், நண்பர் வீட்டு மாடி ஒன்றைப் பேசி வையுங்கள். வேறு வழியே இல்லாமல் விட்டுவிட்டுப் போக நேர்ந்தால், மேல்மாடி அறையில், கட்டாமல், கவிழாத அகலப் பாத்திரங்களில் தண்ணீரும் உணவும் வைத்து, 'உள்ளே நாய் இருக்கிறது' என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். மீட்புப் படையினரிடமும் சொல்லுங்கள்.

*புயலுக்குப் பிறகு பால் பாதியாகிவிட்டதே?*
பயமும் பட்டினியும்தான் காரணம். நல்ல தீனியும் ஓய்வும் கொடுத்தால் தானாகக் கூடும். பால் சுரக்க ஊசி போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

*அந்தப் பாலைக் குடிக்கலாமா?*
மாடு ஆரோக்கியமாக இருந்தால், மடியைச் சுத்தமாகக் கழுவிக் கறந்து, நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம். மடிநோய் இருந்தாலோ, மாட்டுக்கு ஊசி மருந்து போட்டிருந்தாலோ, டாக்டர் சொல்லும் நாள்வரை வேண்டாம்.

இன்று ராத்திரி ஒரு வேலை

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். லட்சுமியையும் கன்றையும் அவிழ்ப்பது அப்பா. அவர் ஊரில் இல்லையென்றால் பெரியவன். மணியைக் கூட்டிப் போவது அம்மா. பூனைக் கூடை சின்னவள் பொறுப்பு. கோழிகளுக்குப் பாட்டி குரல் கொடுத்தால் போதும், தூக்கி வைப்பது தாத்தா. எங்கே போவது, யாருக்குப் போன் செய்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும். அந்தத் தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஒத்திகை பாருங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!

வாயில்லா ஜீவன் நம்மிடம் கேட்காது. அதற்காகக் கேட்டுக்கொள்ள வேண்டியது நாம்தான்: 'புயல் வருது... அவிழ்த்து விட ஆள் இருக்கா?'